பூட்ஸுக்காகக் காலை வெட்ட வேண்டாம்

மலையேற்றத்துக்குப் பெயர் கொடுத்த கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. தண்ணீர் பாட்டில், டார்ச், தொப்பி, குளுக்கோஸ் பொட்டலம் என்று போகும் அதில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்: கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத டிரெக்கிங் பூட்ஸ் கட்டாயம். ஜிஎஸ்டி சாலையில் ஷூ விற்கும் கடைகளிலும் இதையேதான் சொல்கிறார்கள். யூடியூபில் பூட்ஸைக் கையில் வளைத்துக் காட்டிப் பேசுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் கீழ் 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகளைத் தமிழக அரசு திறந்த பிறகு, இந்தப் பேச்சு இன்னும் வலுத்திருக்கிறது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் சம்பளத்தில் ஏழாயிரம், பத்தாயிரம் ரூபாயை எடுத்துவைத்து இந்த பூட்ஸை வாங்குகிறார்கள். சனிக்கிழமை அதை மாட்டிக்கொண்டு நாகலாபுரம் ஓடையில் இறங்குகிறார்கள். அடுத்த வாரம் அதே பூட்ஸோடு முட்டுக்காட்டில் படகேறுகிறார்கள்.

இந்த அறிவுரை தவறு. பனியும் குளிரும் உள்ள நாட்டுக்கு எழுதப்பட்டதை அப்படியே எடுத்து நம் வெயிலுக்கும் நம் ஓடைகளுக்கும் நம் பாதங்களுக்கும் பொருத்துகிறோம். பணம் வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் மலையிலேயே குதிகால் உரிந்து, கட்டைவிரல் நகம் கறுத்து, “இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது” என்று வீட்டோடு இருந்துவிட்டவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. காலில் மாட்டிக்கொண்டதுதான் தவறு.

என் கட்சி இதுதான். வெயிலும் ஈரமும் சேர்ந்த நாட்டில் நல்ல நடைக்காலணிக்கு இரண்டு தகுதிகள் போதும். விரல்களுக்கு உள்ளே இடம் இருக்க வேண்டும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தண்ணீர் புகாது என்கிற வாக்குறுதியையே முதலில் பார்ப்போம். இந்த பூட்ஸ்களுக்குள் ஒரு மெல்லிய சவ்வு தைக்கப்பட்டிருக்கிறது. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்து நீட்டியபோது பிறந்தது அதன் மூல வடிவம். அதிலுள்ள நுண்துளைகளில் தண்ணீர்த் துளி நுழையாது, வியர்வை ஆவி மட்டும் வெளியேறும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் ஆவி தானாகக் கிளம்பிப் போவதில்லை. உள்ளே ஈரம் மிகுந்தும் வெளியே காற்று உலர்ந்தும் இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. இமயத்தில், ஐரோப்பியக் குளிர்காலத்தில், வித்தியாசம் நிறைய உண்டு. ஐப்பசி மாதக் காலையில் வண்டலூர்ப் பக்கம் நடந்து பாருங்கள், காற்றே ஈரத்துணியாக இருக்கும். அங்கே வியர்வை எங்கே போகும்? சாக்ஸிலேயே தங்கும்.

அடுத்தது ஓடை. நாகலாபுரத்தில் பாதையே தண்ணீருக்குள்தான் போகிறது. முழங்கால் ஆழத்தில் கடக்கிறோம், பாறையில் ஏறுகிறோம், மறுபடி இறங்குகிறோம். எவ்வளவு உயர்ந்த பூட்ஸாக இருந்தாலும் அதன் வாய் கணுக்காலுக்கு நாலு விரல்கடை மேலேதான் இருக்கிறது. முதல் கடப்பிலேயே தண்ணீர் மேல்வழியாக உள்ளே இறங்கிவிடும். வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட விடாத அதே சவ்வு, உள்ளே போனதில் ஒரு சொட்டுகூட வெளியே விடாது. கரையேறியதும் ஒரு பாறையில் உட்கார்ந்து, லேஸை அவிழ்த்து, பூட்ஸைக் கவிழ்த்துக் கொட்டி, சாக்ஸைப் பிழிந்து, மறுபடி மாட்டிக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிடத்தில் அடுத்த கடப்பு வந்துவிடும். பிறகு யாரும் அவிழ்ப்பதில்லை. தண்ணீரோடேயே நடக்கிறார்கள், அடிக்கு ஒரு தரம் ‘சளக் சளக்’ என்று சத்தம் கேட்கும். மாலையில் கழற்றும்போது உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி, தோல் மாவாக இருக்கும். ஊறிய தோல்தான் முதலில் உரியும். நடவு வயலில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு வரும் சேற்றுப்புண், மலையேறப் போன ஐடி ஊழியரின் விரலிடுக்கில் வருவது இந்த வழியில்தான்.

அதே ஓடையில் வலைத்துணி வைத்த சாதாரண ஓட்டக்காலணியோடு இறங்கியவரைக் கவனியுங்கள். அவர் காலும் நனைகிறது. கரையேறிப் பத்தடி நடப்பதற்குள் ஒவ்வொரு மிதிக்கும் தண்ணீர் பக்கவாட்டில் பீச்சிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. கொஞ்ச நேரம் வெயிலில் நடந்தால் சாக்ஸ் ஈரமாக இருக்கும், தண்ணீராக இருக்காது. சாக்ஸும் பருத்தியாக இல்லாமல் செயற்கை இழையாகவோ மெல்லிய கம்பளியாகவோ இருந்தால் இன்னும் நல்லது. நனையாமல் இருப்பது நம் ஓடைகளில் நடக்காத காரியம். எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்பதுதான் கேள்வி.

தோல் ஷூவையும் இங்கே எதிரியாக்க வேண்டாம். 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் குரோம் முறைப் பதனிடுதலைச் சோதித்தபோது, அந்தத் தோலுக்கு அவர் கண்ட முதல் வேலைகளில் ஒன்று கவலை ஏற்றத்தில் நீர் இறைக்கும் தோல்சால். நனைந்து நனைந்து காய்ந்தாலும் அழுகாத தோல் விவசாயிக்குத் தேவைப்பட்டது. குரோம் லெதர் தொழிற்சாலை வந்து, அதன் பெயரில் குரோம்பேட்டை என்று ஓர் ஊரே அமைந்தது அந்தத் தொழிலின் தொடர்ச்சிதான். சவ்வு வைக்காத, மென்மையான, பக்கவாட்டில் துளையிட்ட தோல் ஷூ நம் பாதைகளுக்கு நன்றாகவே உழைக்கும்.

சரி, கணுக்கால்? “உயரமான பூட்ஸ் போடாவிட்டால் கால் பிசகும்” என்பதுதான் பலரையும் பயமுறுத்தி வாங்கவைக்கும் வாக்கியம். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 622 கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு உயர்ந்த ஷூ, சிலருக்குத் தாழ்ந்த ஷூ கொடுத்து விளையாடவிட்ட ஆய்வு 1993-ல் வெளிவந்தது. சுளுக்கு விழுந்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை. கூடைப்பந்து வேறு, மலை வேறு என்று யாராவது சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குதித்து இறங்கி அடுத்தவர் பாதத்தின் மேலேயே கால் வைக்கிற ஆட்டம் அது. கணுக்காலுக்கு அதைவிடக் கடுமையான சோதனை அரிது. அங்கேயே காக்காத துணிப்பட்டை, குறைந்த வேகத்தில் நடக்கிற மலையில் மட்டும் காக்கும் என்பதற்குச் சான்றைக் காட்டட்டும்.

கணுக்காலைக் காப்பது அதைச் சுற்றியுள்ள தசையும், தரை சாய்வதைப் பாதம் உணர்கிற வேகமும். தடித்த, உயர்ந்த சோல் இரண்டையும் கெடுக்கிறது. பாதம் தரையிலிருந்து மேலே போகப்போக, கல் சரிந்தால் கால் மடங்கும் விசையும் கூடுகிறது. தரை என்ன செய்கிறது என்பது உள்ளங்காலுக்குத் தெரிவதும் தாமதமாகிறது. பல் தேய்க்கும் நேரத்தில் காலைக்கு ஒரு நிமிடம், மாலைக்கு ஒரு நிமிடம் ஒற்றைக்காலில் நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடி நில்லுங்கள். சமநிலைப் பயிற்சி சுளுக்கைக் குறைக்கிறது என்பது விளையாட்டு மருத்துவத்தில் நன்றாக நிலைபெற்ற செய்தி. அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

எடையைப் பற்றிக் கடைகளில் யாரும் பேசுவதில்லை. கனமான பூட்ஸ் ஒற்றைக்கு எழுநூற்றைம்பது கிராம் வரும். இலேசான ஷூ முந்நூறு கிராம். பதினைந்து கிலோமீட்டர் நடக்கும்போது ஏறக்குறைய 20,000 அடி வைக்கிறோம். அடிக்கு 450 கிராம் கூடுதலாகத் தூக்கினால் அன்றைக்கு மொத்தம் ஒன்பது டன். காலணியில் கூடும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் உடம்பு செலவழிக்கும் சக்தி ஒரு சதவீதத்தை ஒட்டிக் கூடும் என்று ஆய்வுகள் அளந்து சொல்கின்றன. மேலே போகும்போது இது தெரியாது. பருவதமலையிலோ கொல்லிமலையின் ஆகாய கங்கைப் படிகளிலோ இறங்கும்போது, களைத்த தொடை நடுங்கிக் கால் தடுமாறும் நேரத்தில் தெரியும். விழுவது பெரும்பாலும் அப்போதுதான். கணுக்காலைக் காக்க வாங்கிய எடையே கணுக்காலை மடக்குகிறது.

எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி 1955-ல், தம் 67-ஆம் வயதில், 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு துணிமூட்டை. அந்தப் பாதையைத் தனியாக ஒரே ஆண்டில் நடந்து முடித்த முதல் பெண் அவர்தான். பூட்ஸ் நாட்டிலேயே பூட்ஸ் கட்டாயமாக இருந்ததில்லை.

இனி எனக்கு மிகவும் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். “போடப் போடச் சரியாகிவிடும்.” இந்தச் சொல்லை எந்தக் கடையிலும் கேட்கலாம். சரியாகாது. தோல் கொஞ்சம் நெகிழும், அவ்வளவுதான். விரல்பகுதி குறுகலாகத் தைத்த பூட்ஸ், உங்கள் சுண்டுவிரலுக்காக ஒருநாளும் அகலமாகப் போவதில்லை. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நாம் வெட்டத் தயாராகவே கடைக்குப் போகிறோம்.

நம் கால் வேறு. இது வெறும் ஊகம் இல்லை. அடையாறில் 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என்று அது கண்டது. நாம் இன்றுவரை வாங்குவதோ பிரிட்டிஷ் அளவு எண்ணை வைத்து. அகலம் போதாததால் ஒரு எண் நீளமாக வாங்குகிறோம். நீளம் கூடினதும் குதிகால் உள்ளே ஆடுகிறது. ஆடாமலிருக்க லேஸை இறுக்குகிறோம். இறுக்கினால் மேற்பாதம் மரத்துப்போகிறது, இறக்கத்தில் கால் முன்னே சறுக்கி நகம் சுவரில் மோதுகிறது. கொப்புளமும் கறுத்த நகமும் நம் பலவீனத்தால் வருவதில்லை. அச்சு தவறியதால் வருகிறது. நம் கால்களுக்கென்றே ‘பா’ என்ற புது அளவுமுறையையும் அந்த நிறுவனம் முன்மொழிந்திருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைக்கும் மாநிலத்தில், தமிழ்க் காலுக்கு அகலமான நடைக்காலணி கேட்டால் கடைக்காரர் விழிக்கிறார். இதை மாற்றச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

காலை இறுக்கி மூடுவது நல்லது என்ற நம்பிக்கையையே கேள்வி கேட்ட ஆய்வும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 இந்தியக் குழந்தைகளைப் பரிசோதித்து 1992-ல் வெளியிட்ட முடிவு இது: காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கு மட்டும். மூடிய ஷூ போட்டவர்களிடம் அதிகம், செருப்பு போட்டவர்களிடம் குறைவு. ஆகவே எல்லோரும் வெறுங்காலில் மலையேறுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெள்ளியங்கிரியில் வெறுங்காலோடு ஏழு மலை ஏறுவது பக்தி, அதை உபகரண விவாதத்துக்குள் இழுப்பது சரியல்ல. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மூடிய காலணி இல்லாமல் வீட்டு வாசலைக்கூடத் தாண்டக் கூடாது. நான் சொல்வது, பாதம் அசைய இடம் கேட்கிறது என்பதுதான்.

கடைக்கு மாலையில் போங்கள். அன்றைய நடையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடும் சாக்ஸையே கொண்டுபோங்கள். ஷூவுக்குள் இருக்கும் உள்ளட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ கட்டைவிரலோ விளிம்பைத் தாண்டி வெளியே வழிந்தால் அந்த ஷூவைத் திருப்பிக் கொடுங்கள், என்ன விலையானாலும், எவ்வளவு தள்ளுபடியானாலும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கடையில் படிக்கட்டு இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னே இடித்தால் அதுவும் வேண்டாம். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னொன்று. தாம்பரத்துக் காற்றில் பூட்ஸைப் பரணில் வைத்தால் என்ன ஆகும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. கனமான பூட்ஸ் பலவற்றில் நடுசோல் பாலியூரித்தேன். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்ல வேதிமாற்றம் அடைந்து சிதையும். போட்டாலும் சிதையும், போடாமல் பெட்டியில் வைத்தாலும் சிதையும். இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து வெளியே எடுக்கும்போது பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். மலையில் முதல் மணி நேரத்தில் குதிகால் பக்கம் வாயைப் பிளக்கும். விரலால் அழுத்தினால் நடுசோல் நனைந்த ரஸ்க் போல உதிரும். அங்கே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு இறங்குவதைத் தவிர வழியில்லை. ஆண்டுக்கு இரண்டு தடவை மலைக்குப் போகிறவர் பத்தாயிரம் ரூபாய் பூட்ஸ் வாங்குவது இதனாலும் வீண். நாள்தோறும் சிட்லப்பாக்கம் ஏரிக்கரையிலோ மாடம்பாக்கம் ஏரிக்கரையிலோ நடக்கப் போடும் ஷூவையே மலைக்கும் போடுங்கள். காலுக்குப் பழகியிருக்கும், சிதைவதற்கு முன் தேய்ந்தும் போகும். வாங்கியதும் ரயில் நிலையத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து சோலைச் சுற்றித் தைத்துக்கொண்டால் பசையை நம்ப வேண்டியதில்லை.

படகு விஷயத்தில் தவறான காலணி புண்ணோடு நிற்பதில்லை, உயிருக்கே ஆபத்தாகும். கேனோவில் முழங்காலிட்டுத் துடுப்புப் போடுகிறவர் பாதங்களை இருக்கைக்கு அடியில் மடக்கி வைப்பார். படகு கவிழ்ந்தால் அந்தப் பாதங்கள் கணப்பொழுதில் வெளியே வர வேண்டும். வளையாத சோலும் பருத்த விரல்முனையும் உள்ள பூட்ஸ் இருக்கைக்கும் தரைக்கும் நடுவே சிக்கும். லேஸ் மாட்டும் உலோகக் கொக்கிகள் கயிற்றில் மாட்டும். கயாக்கின் குறுகிய வயிற்றுக்குள் அந்த பூட்ஸ் முதலில் நுழைவதே கஷ்டம். தண்ணீரில் விழுந்தபின் பூட்ஸோடு காலை உதைத்து நீந்துவதும், தண்ணீர் நிறைந்த பூட்ஸோடு படகின் விளிம்பில் மறுபடி ஏறுவதும் எவ்வளவு கடினம் என்பதை ஒரு நீச்சல்குளத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

அதற்காக முட்டுக்காட்டில் செருப்போடோ வெறுங்காலோடோ இறங்குவதும் சரியில்லை. கழிமுகச் சேற்றுக்குள் சிப்பி ஓடுகள் கத்தியாகக் கிடக்கின்றன. ஹவாய் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். அங்கே வேண்டியது மெல்லிய சோல், மூடிய விரல்முனை, குதிகாலைப் பிடிக்கும் பட்டை, வடிய ஓட்டை. பள்ளிக்கூடத்துப் பழைய கேன்வாஸ் ஷூவில் சோலுக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் சூடான ஆணியால் மூன்று மூன்று துளை போட்டால் இது கிடைத்துவிடும். லேஸின் நுனியைத் தொங்கவிடாமல் உள்ளே செருகிக்கொள்ளுங்கள்.

தென்சென்னைப் புறநகர்வாசிகளுக்குப் படகு என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவுக்குள் படகு வந்தது. வெள்ளம் என்றதும் கம்பூட்ஸைத் தேடுகிறோம். அதன் வாய்க்கு மேல் தண்ணீர் ஏறியதும் ஒவ்வொரு காலிலும் லிட்டர் கணக்கில் நிறைந்து, காலைத் தூக்குவதே கடினமாகும். திறந்து கிடக்கும் சாக்கடைக் குழியில் கால் போனால் எழுவது மிகக் கடினம். வெறுங்கால் என்றால் கண்ணாடித் துண்டும் எலிக்காய்ச்சலும். இறுகக் கட்டிய கேன்வாஸ் ஷூதான் அங்கேயும் சரி.

பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கணுக்காலை மூடும் தடித்த காலணி விரியன் கடியிலிருந்து ஓரளவு காக்கும். இருட்டில், உயர்ந்த புல்லில் நடக்கும் வேலை உள்ளவர்கள் போடட்டும். பகலில், வெட்டிய பாதையில், வழிகாட்டியோடு நடக்கிறவர்களுக்குக் கையில் ஒரு கழி, காலில் ஒரு துணிக் காலுறைக் கவசம், கால் வைக்குமிடத்தில் கண் ஆகியவை போதும். வால்பாறை, மேகமலை அட்டைகளுக்கு பூட்ஸ் ஒரு தடையே இல்லை. லேஸ் துளை வழியே புகும். முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டை சாக்ஸ்தான் அவற்றைத் தடுக்கும். இமயப் பனியில் போகிறவர்கள், பதினைந்து இருபது கிலோ மூட்டை சுமப்பவர்கள், மருத்துவர் சொல்லிக் கணுக்காலைக் கட்டவேண்டியவர்கள் கனமான பூட்ஸ் வாங்கட்டும். அவர்களுக்காகத்தான் அது செய்யப்பட்டது.

இமயம் இருக்கட்டும், நம் பக்கத்துத் தரையைப் பாருங்கள். புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பழைய கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்த பல்லாவரத்துச் செம்மண் சரளையும், திரிசூலத்துக் கரும்பாறையும், நன்மங்கலத்து முள்காடும்தான் நமக்கு முதலில் கிடைக்கும் தரை. உலர்ந்த சரளையில் சறுக்காத, நடுத்தரப் பள்ளம் வெட்டிய மென் ரப்பர் சோல் போதும் இதற்கு.

மலையேற்றக் குழு நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பட்டியலில் உள்ள அந்தத் தடித்த எழுத்து வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள்: ஏற்கெனவே ஒரு மாதமாவது நடந்து பழகிய, விரல்களுக்கு இடமுள்ள, தண்ணீர் வடியும் ஷூ, மாற்ற ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ். புது பூட்ஸோடு வருகிறவரைப் பேருந்து கிளம்புவதற்கு முன்பே நிறுத்தி, பழைய ஷூவை எடுத்துவரச் சொல்லுங்கள்.